கைராசியும் டெஃப்லான் கம்பியும்

ஏறக்குறைய ஒரு வருட காலம் நான் என் உள்ளங்கையை அளந்துகொண்டிருந்தேன். அளப்பது உள்ளங்கையை என்பது மட்டும் எனக்குத் தெரியாது. டெஃப்லான் கம்பியை அளப்பதாக நினைத்துக்கொண்டு வரைபடம் வேறு போட்டேன். அழகான வரைபடங்கள். கம்பியை வளைக்க வளைக்க அதில் போகும் ரேடியோ அலையின் இழப்பு ஏறும் என்று காட்டின. புத்தகமும் அதையேதான் சொன்னது. தப்பான காரணத்துக்காகச் சரியான விடை வருவதைப்போல ஒரு மனிதனைக் கெடுக்கக்கூடியது வேறெதுவுமில்லை.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் நிம்மதியாக இருந்தவனைப் பழைய கம்பெனிப் பிள்ளைகள் கூப்பிட்டுக் கேட்டதுதான். அலை இன்னும் குட்டையாகிவிட்டதாம், டெராஹெர்ட்ஸ் என்று பெயராம். அதைக் கொண்டுபோக இழப்புக் குறைந்த, வளையக்கூடிய இழை வேண்டுமாம். "அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் இல்லாம எப்பிடி சார் டிசைன் பண்ணீங்க?" என்று கேட்டான் ஒருவன். கண்ணில் உண்மையான மரியாதை தெரிந்தது. அதைக் காப்பாற்றும் உத்தேசம் எனக்கில்லை.

பட்டயப் படிப்பு முடித்து, எழுபதுகளின் நடுவில் ஓசூருக்கு வந்தேன். தொழிற்பேட்டையில் அப்போது ஷெட்டுகளைவிடக் கேழ்வரகுக் கொல்லைகள் அதிகம். எங்கள் கம்பெனி மொபெட்டுக்கு பிரேக் கேபிளும் ஸ்பீடாமீட்டர் கேபிளும் செய்தது. கம்பியை முறுக்குவது, உறை மாட்டுவது, கிரீஸ் ஏற்றுவது என்று என் இளமை வழவழப்பாகக் கழிந்தது. அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

முதலாளி வெங்கடசாமி கிருஷ்ணகிரிக்காரர். வீட்டில் தெலுங்கு, கணக்குப்பிள்ளையிடம் தமிழ், லாரிக்காரனிடம் கன்னடம், கோபம் வந்தால் மூன்றும். எண்பதுகளில் ஒருநாள் பெங்களூரில் யாரோ அவரிடம், ராடாருக்கு வளைகிற அலைவழி, அதாவது அலையைக் கொண்டுபோகும் குழாய், வேண்டும், இந்தியாவில் செய்வாரில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். "நம்ம செய்யறதெல்லாம் வளையுற சாமான்தானே?" என்று சொல்லி ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய கணக்கில் பிரேக் கேபிளுக்கும் ராடாருக்கும் நடுவே ஒரு சின்னப் பயிற்சிதான் பாக்கி.

அதற்காகப் பெங்களூரிலிருந்து நஞ்சுண்டையாவை அழைத்து வந்தார். ராடார் வேலையில் ஊறிய மனிதர். கருவிகளுக்கிடையே நடக்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார், கண்காட்சியில் பீங்கான் கடைக்குள் போனவரைப்போல. எதையும் தொடமாட்டார். யாரையும் திட்டவும் மாட்டார். ஏதாவது கெட்டுப்போனால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கன்னடம் கலந்த தமிழில் ஒரே கேள்வி கேட்பார்: "ஸ்வல்ப யோசனை பண்ணு. நேத்து இல்லாதது இன்னிக்கு என்ன இருக்கு? நேத்து இருந்தது இன்னிக்கு என்ன இல்லே?" பதில் வரும்வரை எழுந்திருக்கமாட்டார். திட்டே வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கும்.

எங்கள் கைக்கு வந்த அலை, நீளத்தில் அரைப்பங்கு அரிசி மணி. இவ்வளவு குட்டை அலைக்கு உலோகக் குழாய் வைத்தால் அது வளையாது. வளைகிற மாதிரி மடிப்பு மடிப்பாகக் குழாய் செய்தால், பாதி அலை மடிப்புகளிலேயே தீர்ந்துவிடும். எனவே நஞ்சுண்டையா டெஃப்லான் கம்பிக்குப் போனார். வெள்ளை வெளேரென்று, கொஞ்சம் தடித்த சேமியா மாதிரி இருக்கும். இதில் ஒரு வினோதம். கம்பி தடிமனாக இருந்தால் அலை அதற்குள்ளேயே போகும். வளைத்தாலும் விட்டுப் பிரியாது, ஆனால் டெஃப்லான் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றுவிடும். கம்பி மெல்லிசாக இருந்தால் அலையில் பெரும்பகுதி வெளியில், காற்றில், கம்பியைப் பற்றிக்கொண்டு ஓடும். இழப்பு மிகக் குறைவு, ஆனால் பிடிப்பும் குறைவு. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான தடிமனைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

அளக்கும் முறை இது. காலையில் வந்ததும் அலை பிறக்கும் பெட்டியைப் போட்டுவிட்டு, அது சூடேறி நிலைக்கும்வரை டீ குடிக்கலாம். பிறகு கம்பியின் இரு முனைகளையும் பென்சில் சீவுவதுபோலச் சீவி, இரண்டு பக்கமும் இருக்கும் சின்ன உலோகப் புனல்களில் செருக வேண்டும். முனை மழுங்கினால் அலை வாசலோடு திரும்பிவிடும். கம்பி தொய்யாமலிருக்க நடுவில் தெர்மகோல் தாங்கிகள். மரத்தாங்கி வைத்தால் மரம் அலையைக் குடித்துவிடும், தெர்மகோல் பெரும்பாலும் காற்று என்பதால் அலைக்கு அது இருப்பதே தெரியாது. மறுமுனையில் ஒரு மீட்டர். முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வது. அடுத்து தாங்கிகளை எடுத்துவிட்டு, நானோ உதவியாளோ கம்பியின் நடுவைப் பிடித்து, பலகையில் கோடு போட்ட இடம்வரை இழுத்து வளைப்போம். முள் இறங்கும். எவ்வளவு இறங்கியதோ அதுதான் வளைவின் இழப்பு.

மரம் பட்டால் இழப்பு என்று தெரிந்து தெர்மகோல் வைத்தவன் நான்தான். அதே கம்பியைக் கைநிறையப் பிடித்து வளைத்தவனும் நான்தான். கை என்பதும் ஒரு பொருள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அது என்னுடையதாயிற்றே.

இன்னும் வளைக்க இன்னும் அழுத்திப் பிடிக்க வேண்டும். முள் இன்னும் இறங்கும். வரைபடம் இன்னும் அழகாக வரும். மெல்லிய கம்பிகளில் முள் தலைகுப்புற விழுந்ததால், மெல்லிசு உதவாது என்று எழுதி அவற்றைக் கழித்துவிட்டேன். தடிமனாக்கிக்கொண்டே போனேன். வளைவில் முள் விழுவது கொஞ்சம் குறைந்தது, ஆனால் நேராக வைத்தாலே இழப்பு அதிகம். பெங்களூர் கேட்ட அளவை எந்தக் கம்பியும் தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மைமூன் அம்மா வந்தார். குருபரப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்து பிரேக் கேபிள் பகுதியில் கிரீஸ் வேலை செய்தவர். அவர் கணவர் ஹைவே ஓரம் டீக்கடை வைத்திருந்தார். எங்கள் பகுதியில் கம்பி பிடிக்கிற கோவிந்தன் அன்று லீவு. சிங்காரப்பேட்டையில் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம். எனவே, "அம்மா, ஒரு நிமிசம் இதைப் பிடிங்க" என்று மைமூன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து கம்பியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், முந்தானையை நாலாக மடித்து அதற்குள் கம்பியை வைத்துப் பிடித்து இழுத்தார். முள் அசைந்தது. விழவில்லை.

மறுபடி செய்யச் சொன்னேன். விழவில்லை. நான் பிடித்தேன். விழுந்தது.

அடுத்த நாள் திரும்பிவந்த கோவிந்தன் அரைநாள் இதை வேடிக்கை பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னான். "சார், இது கைராசிங்க. எங்க ஊர்ல ஒரு ஆளு இருக்கறாரு, அவரு நட்டாதான் புளியஞ்செடி தழையும். நீங்க நட்டா கருவேலமும் பட்டுப் பூடும்."

"போய்யா. அறிவியலுக்கு ஆளைத் தெரியாது."

"ஆளைத் தெரியாமதான் உங்களக் கண்டா விழுந்து படுத்துக்குதா?"

மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவன் நான். ராகுகாலம் பார்க்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்பவன். எனவே கைராசியை ஏற்கவில்லை. மைமூன் அம்மாவின் விரல்கள் மென்மையாக, சீராக வளைக்கின்றன என்று ஒரு விஞ்ஞான விளக்கம் கண்டுபிடித்தேன். கோவிந்தனுக்கும் எனக்கும் மென்மையாக வளைக்கப் பயிற்சி கொடுத்துக்கொண்டேன். பூனைக்குட்டியைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பார்த்தோம். முள் விழுந்தது. நஞ்சுண்டையாவிடம் விளக்கத்தைச் சொன்னபோது, கையைப் பின்னால் கட்டியபடி தூரத்தில் நின்று கேட்டுவிட்டு, "இரலி" என்றார். இருக்கட்டும் என்று அர்த்தம். ஒப்புக்கொண்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் மைமூன் அம்மா வராவிட்டால் அளவெடுப்பதே இல்லை என்றாகிவிட்டது. பெங்களூருக்கு அனுப்பிய அளவுகளெல்லாம் அவர் பிடித்தவை. நேர் அளவு இன்னும் தேறவில்லை என்றாலும் வளைவு அளவைப் பார்த்துவிட்டு, நேரில் வந்து சோதிக்கிறோம் என்று செய்தி வந்தது.

முதலாளி எங்கள் அறைக்கே வந்தார். "இதோ பாருப்பா. பெங்களூர்க்காரன் சரின்னா சரி. வேணாம்னா அடுத்த மாசம் இந்த ரூமு கிளட்ச் கேபிளுக்கு. நான் எத்தனை நாளைக்குத்தான் சேமியா பாத்துக்கினு இருப்பேன்?"

எனக்குப் பெரிய நஷ்டமில்லை, பழைய கிரீஸுக்குப் போய்விடுவேன். கோவிந்தன் இந்த அறைக்கென்றே எடுத்த ஆள். அறை போனால் அவனும் போக வேண்டியதுதான். மத்திகிரியில் எங்கள் தெருவிலேயே ஒரு வீடு பிடித்து, ஊரிலிருந்து மனைவியை அப்போதுதான் அழைத்து வந்திருந்தான். முதலாளி போனபின் அவன் நேராகக் கிரீஸ் பகுதிக்கு நடந்தான். மைமூன் அம்மாவிடம் போய், "யக்கா, அன்னைக்கு மட்டும் லீவு கீவு போட்டுடாதக்கா" என்று சொன்னான்.

"அட, நான் ஏன்டா போடறேன்? துவா செஞ்சிட்டே வர்றேன் போ."

சோதனை நாளன்று பெங்களூரிலிருந்து வந்தவர் ஒல்லியான, மிக மரியாதையான அதிகாரி. மரியாதையான அதிகாரிகள்தான் ஆபத்தானவர்கள். நேராக வைத்த அளவைக் குறித்துக்கொண்டு, "பெண்ட் பண்ணுங்க" என்றார்.

மைமூன் அம்மா முன்னால் வந்தார். கம்பியைப் பிடித்தார். இழுத்தார். முள் விழுந்தது. நான் பிடித்தால் விழுவதைப்போலவே விழுந்தது.

கோவிந்தன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க அனுப்பிச்ச ரீடிங்ஸ் இதே ஃபைபரோடதுங்களா?" என்று கேட்டார். திருடனிடம்கூட இவ்வளவு கனிவாகக் கேட்கமாட்டார்கள். "மதியம் இன்னொரு தடவை பாக்கலாம். சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று சொல்லிவிட்டு முதலாளியோடு போனார். முதலாளி போகிற போக்கில் அறையின் நீள அகலத்தை ஒரு பார்வை பார்த்தார். கிளட்ச் கேபிள் மெஷினை எங்கே போடலாம் என்கிற பார்வை அது.

மைமூன் அம்மா அழுகிற நிலையில் நின்றார். நஞ்சுண்டையா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து இல்லாதது இன்னிக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். அதே பெட்டி, அதே கம்பி, அதே அம்மா."

"நேத்து இருந்தது இன்னிக்கு என்ன இல்லே?"

மைமூன் அம்மாதான் முன்னால் வந்து பேசினார். "நான் எதுவும் செய்யலைங்க சார். சொல்லப்போனா இன்னைக்குத்தான் நல்லா சோப்பு போட்டு, கிரீஸெல்லாம் போவ ரெண்டு தரம் கழுவிட்டு வந்தேன். பெரிய ஆபீசருங்க வர்றாங்க, அவங்க முன்னால முந்தானையில சுருட்டிப் புடிச்சா நல்லாவா இருக்கும்னு, வெறுங்கையிலயே புடிச்சேன். மத்த நாள்ல வெள்ளைக் கம்பியில அழுக்குப் பட்டுடக் கூடாதேன்னுதான் துணியில புடிப்பேன்."

நஞ்சுண்டையா என்னைப் பார்த்தார். நான் தெர்மகோல் தாங்கிகளைப் பார்த்தேன். பிறகு என் கையைப் பார்த்தேன். மனிதக் கை பெரும்பாலும் தண்ணீர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். தண்ணீர் இந்த அலையை எப்படிக் குடிக்கும் என்பதையும் படித்திருக்கிறேன். இரண்டையும் வேறுவேறு வருடத்தில் படித்ததுதான் தப்பு.

கம்பியை நேராகத் தாங்கிகளில் வைத்தேன். வளைக்கவில்லை. ஒரு விரலை மட்டும் கொண்டுபோய் அதன்மேல் வைத்தேன். முள் இறங்கியது. எடுத்தேன், ஏறியது. வைத்தேன், இறங்கியது. கோவிந்தன் ஓடிவந்து தன் விரலை வைத்தான். அவனுக்கும் இறங்கியது. அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"நைலான் நூல் கொண்டு வா" என்றேன். கேபிள் கட்டுகிற நூலை எடுத்துவந்தான். கம்பியின் நடுவில் அதை ஒரு சுற்றுச் சுற்றி, நாலடி தள்ளி நின்று கோடு வரை இழுத்தான். கம்பி வளைந்தது. முள், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத மாப்பிள்ளையைப்போல, கொஞ்சமாக அசைந்துவிட்டு நின்றது.

நஞ்சுண்டையா கட்டியிருந்த கையை அவிழ்க்காமலே சொன்னார்: "ஒரு வருஷமா நீ கையை அளந்திருக்கே. இரலி. இந்தத் தடிச்ச கம்பி, நேரா வெச்சாலே அவங்க கேட்ட அளவுக்கு வராது. முதல்ல பண்ணின மெல்லிசு கம்பி எங்கே?"

அதுதான் சங்கடம். உதவாது என்று நான் கழித்த கம்பிகளில் பெரும்பாலானவை குப்பைக்குப் போய்விட்டன. மிக மெல்லியதை மட்டும், வீணாகப் போகிறதே என்று வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். அது மத்திகிரி வீட்டுப் பின்புறத்தில் அவரைப் பந்தலில் இருந்தது.

ஸ்கூட்டரில் பறந்தேன். பின்னால் கோவிந்தன். என் மனைவி கமலா பந்தலடியில் கையில் கூடையோடு நின்றாள்.

"கமலா, அந்த வெள்ளைக் கம்பி வேணும்."

"எதுக்கு?"

"ராடாருக்கு."

"பூ விட்டிருக்குதுங்க. இப்பப் போயி அவிழ்த்தா கொடி தரையில விழுந்துடும். நாளைக்கு வந்து எடுத்துக்கச் சொல்லுங்க."

"யக்கா, எங்க பொழப்பே அதுலதான் சுத்திக்கினு இருக்குதுக்கா" என்றான் கோவிந்தன்.

கமலா அவனைப் பார்த்தாள். அவன் மனைவிதான் அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சுத்துணை. வேறு ஒன்றும் கேட்காமல் கூடையை வைத்துவிட்டு, கொடியை நுனியிலிருந்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்க ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்தேன். "அறுத்தீங்க, ராத்திரி சோறு கிடையாது" என்றாள். நின்றுகொண்டு பார்த்தேன். கொடி எங்கும் கம்பிக்குள் போகவில்லை. வெளியிலேயே சுற்றிச் சுற்றி, கம்பி போகிற வழியெல்லாம் போயிருந்தது. மெல்லிய கம்பியில் அலை போவதை அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. பல மாதமாகத் தினமும் அதனடியில்தான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியில் கம்பியைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, முனைகளைச் சீவினோம். அதிகாரி சாப்பிட்டு வந்தபோது அது தாங்கிகளில் தயாராக இருந்தது. நேராக வைத்து அளந்தார். அவர் கேட்டதைவிடக் குறைந்த இழப்பு. கோவிந்தன் தள்ளி நின்று நூலை இழுத்தான். கொஞ்சம் இழப்பு இருந்தது, மெல்லிய கம்பியல்லவா, வளைவில் ஓரளவு சிதறத்தான் செய்யும். ஆனால் வரம்புக்குள்.

அதிகாரி எல்லாவற்றையும் பார்த்து, காலையில் கை பட்டு முள் விழுந்த கதையையும் கேட்டுக்கொண்டு சொன்னார்: "நல்லது. ஆனா எங்க ராடார் வண்டியில யாராவது தொடுவாங்களே?"

நான் வாயைத் திறப்பதற்குள் நஞ்சுண்டையா சொன்னார்: "தொடட்டும். இந்த அம்மாவோட முந்தானை மாதிரி ஒண்ணு சுத்திக் கொடுக்கறோம். ரெண்டு மாசம் கொடுங்க."

கொடுத்தார். ஸ்பீடாமீட்டர் கேபிளைப் பொதி செய்யும் வெள்ளை நுரைத்தாள் எங்களிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. அதுவும் தெர்மகோல் மாதிரி, பெரும்பாலும் காற்றுதான். அதைக் கம்பியின்மேல் சுற்றினோம். மைமூன் அம்மா வெறுங்கையால் இறுக்கிப் பிடிப்பார், நான் முள்ளைப் பார்ப்பேன். இறங்கினால் இன்னொரு சுற்று. எத்தனை சுற்றில் அவர் பிடிப்பது முள்ளுக்குத் தெரியாமல் போனதோ, அதுவே உறையின் தடிமன். அந்த வேலையில் என் கையும் உபயோகப்பட்டது. கம்பெனியிலேயே அதிகம் வியர்க்கிற கை என்பதால் கடைசிச் சோதனைக்கு என்னைத்தான் பிடிக்கச் சொல்வார்கள். கைராசி இல்லாதவனுக்கும் ஒரு பதவி கிடைத்தது.

ஆர்டர் வந்தது. கிளட்ச் கேபிளுக்கு வேறு ஷெட் போட்டார்கள். கோவிந்தன் அந்த அறையிலேயே மேற்பார்வையாளனாகி, நான் வெளியேறும்போதும் அங்கேதான் இருந்தான். அவரைப் பந்தலுக்கு நான் இரும்புக் கம்பி வாங்கிக் கட்டிக் கொடுத்தேன். காய்ப்பு குறைந்துவிட்டது என்று கமலா இன்றைக்கும் சொல்கிறாள்.

ஆர்டர் வந்த அன்று முதலாளி இனிப்பும் மிக்சருமாக எங்கள் அறைக்கு வந்தார். இனி இது நிரந்தரப் பகுதி என்றார். அப்புறம் முதன்முறையாக, "இது எப்பிடிப்பா வேலை செய்யுது? எனக்கும் புரியற மாதிரி சொல்லு" என்று கேட்டார். அப்படி ஒரு வாய்ப்புக்குத்தான் நான் எத்தனையோ வருடம் காத்திருந்தேன். அவரைக் கொடியிலிருந்து ஆரம்பித்தேன். தடித்த கம்பி அலையை உள்ளே வைத்துத் தின்பதையும், மெல்லிய கம்பி அதை வெளியே காற்றில் ஓடவிடுவதையும், மெலிய மெலிய இழப்பு குறைவதையும், நுரை அதற்குக் காவலாக நிற்பதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். மிக்சரைக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். நஞ்சுண்டையாவே தலையை ஆட்டினார்.

"அப்ப கம்பி எவ்வளவுக்கெவ்வளவு மெல்லிசோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது?"

"ஆமாங்க முதலாளி."

"அலை போறதெல்லாம் வெளியில?"

"பெரும்பாலும் வெளியிலதாங்க."

முதலாளி ஒரு பிடி மிக்சரை வாயில் போட்டு, மென்று, நிதானமாகச் சொன்னார்:

"அப்பறம் எதுக்குப்பா நடுவுல அந்தக் கம்பி? நுரையை மட்டும் சுத்திக் குடுத்துடு."